பழைய நாணயங்களை விற்கும் முன்: தொடங்குபவர்களுக்கான செய்முறை

வீட்டில் ஒருவர் ஆயுள் முழுவதும் சேர்த்த நாணயங்கள் ஒரு நாள் நம் கைக்கு வந்துவிடுகின்றன. சேர்த்தவர் உயிரோடு இருந்திருந்தால் எது எங்கே வாங்கியது, எதற்கு மதிப்பு அதிகம் என்று சொல்லியிருப்பார். இப்போது பெட்டி மட்டும்தான் இருக்கிறது. உடனே எல்லோரும் கேட்பது, "இதை எங்கே விற்பது?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பெட்டிக்குள் இருப்பது ஒரே சரக்கு அல்ல. வெள்ளி எடைக்குப் போகும் காசும், சேகரிப்பாளர் தேடி வாங்கும் காசும், ஏலத்துக்குப் போக வேண்டிய காசும் ஒன்றாகவே கிடக்கும். அப்படியே மொத்தமாக ஒருவரிடம் நீட்டினால், அவர் மலிவான காசைக் காட்டித்தான் விலை பேசுவார். நல்ல காசும் அந்த விலையிலேயே போய்விடும். ஆகவே பிரித்துவிட்டு விற்க வேண்டும்.

முதல் படி: கழுவாதீர்கள்

புளி, விபூதி, பல்பொடி, பித்தளை பாலிஷ் எதுவும் வேண்டாம். செம்பில் படிந்த பழுப்பும் வெள்ளியில் ஏறிய கருமையும் அழுக்கு அல்ல. காலம் அந்த உலோகத்தின் மேல் போட்ட இயற்கைப் படலம். சேகரிப்பாளர் அதைப் பார்த்துத்தான் நாணயத்தை நம்புகிறார். தேய்த்துப் பளபளப்பாக்கிய காசில் மெல்லிய கீறல்கள் விழும். லென்ஸில் பார்த்தவுடன் தெரியும். விலை பாதிக்கும் கீழே இறங்கலாம். அதைத் திரும்பச் சரிசெய்ய வழியே இல்லை.

நாணயத்தை விளிம்பில் பிடித்து எடுங்கள். மலிவான பிளாஸ்டிக் உறைகளில் பல ஆண்டுகள் கிடந்த காசின் மேல் பச்சைப் பிசுபிசுப்பு தெரிந்தால், உறையை மட்டும் மாற்றுங்கள். சேர்த்தவர் கைப்பட எழுதிய துண்டுச் சீட்டு, கடை ரசீது, பழைய உறை எதையும் தூக்கி எறியாதீர்கள். நாணயம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அவைதான் சாட்சி. அரசு நாணயச் சாலை வெளியிட்ட நினைவு நாணயங்களை அவற்றின் மூலப் பெட்டியோடும் சான்றோடும் அப்படியே வையுங்கள்.

இரண்டாம் படி: பட்டியல் போடுங்கள்

ஒரு நோட்டு, ஒரு லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் சிறிய தராசு, ஒரு காந்தம். இவை போதும். ஒவ்வொரு நாணயத்துக்கும் நாடு அல்லது அரசு, மதிப்பு, ஆண்டு, உலோகம், எடை, நாணயச் சாலைக் குறி, தேய்மானம் ஆகியவற்றை எழுதுங்கள். இரு பக்கமும் படம் எடுங்கள்.

இந்தியக் குடியரசு நாணயங்களில் எந்தச் சாலையில் அடித்தது என்ற குறியை ஆண்டுக்குக் கீழே பாருங்கள். சிறிய வைரக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், வட்டப் புள்ளி என்றால் நொய்டா, எதுவும் இல்லை என்றால் கொல்கத்தா. ஒரே ஆண்டு, ஒரே மதிப்பு என்றாலும் ஒரு நாணயச் சாலையில் குறைவாக அடித்திருந்தால் அதற்கு மட்டும் விலை ஏறும்.

பிரிட்டிஷ் கால ரூபாய்களில் ஆண்டை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது. விக்டோரியா ராணியின் 1862 ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டு எண்ணோடு 1874 வரை அடித்தார்கள். எனவே மிகத் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் புள்ளிகளின் எண்ணிக்கையையும் இடத்தையும் வைத்து அதில் பல வகைகள் உண்டு, சிலவற்றைச் சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடுகிறார்கள். 1911 ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் அரசரின் அங்கியில் இருந்த யானை பன்றியைப் போலத் தெரிந்ததால் எதிர்ப்பு கிளம்பியது. பெரும்பகுதியைத் திரும்ப உருக்கிவிட்டார்கள். 1939 ஆறாம் ஜார்ஜ் ரூபாயும் அரிது. இவை உங்கள் பெட்டியில் இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். அரிய காசுகளுக்கே போலிகளும் அதிகம் என்பதால், சந்தோஷப்படும் முன் எடையைப் பாருங்கள்.

தமிழ்நாட்டுப் பெட்டிகளில் உள்ளூர்க் காசுகளும் வரும். நிற்கும் உருவம் ஒரு பக்கம், அமர்ந்த உருவம் மறுபக்கம் உள்ள ராஜராஜன் செப்புக்காசைப் பார்த்ததும் கோடி ரூபாய் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆயிரம் ஆண்டுப் பழமை உண்மைதான். ஆனால் அவை ஏராளமாகக் கிடைக்கின்றன, விலை எட்டக்கூடியதே. புதுக்கோட்டை அம்மன் காசும் அப்படியே. பழமையும் விலையும் ஒன்றோடொன்று ஓடுவதில்லை. எத்தனை மிஞ்சியிருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பவையே விலையை முடிவு செய்கின்றன. 'புதுச்சேரி' என்று தமிழில் பொறித்த பிரெஞ்சுக் காசு, தரங்கம்பாடி டேனியக் காசு, சங்ககாலச் சதுரக் காசு ஆகியவற்றை நீங்களே மதிப்பிட முயலாமல், அந்த வகையில் தேர்ந்த ஒருவரிடம் காட்டுங்கள். எழுத்து தெளிவாக இருக்கிறதா என்பதைப் பொறுத்தே அவற்றின் விலை பல மடங்கு மாறும்.

மூன்றாம் படி: தரை விலையைக் கணக்கிடுங்கள்

வெள்ளி, தங்க நாணயம் எதையும் அதன் உலோக விலைக்குக் கீழே விற்கவே கூடாது. கணக்கு எளிது. 1835 முதல் 1939 வரையிலான பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய் 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அதாவது சுமார் 10.69 கிராம் தூய வெள்ளி. வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு காசில் 1,069 ரூபாய் வெள்ளி இருக்கிறது. அன்றைய விலையைப் போட்டு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். தேய்ந்த காசை நிறுத்து, அந்த எடைக்குக் கணக்கிடுங்கள்.

1940 முதல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். ஆகவே அதே எடையில் 5.83 கிராம்தான். 1947 ரூபாய் முழு நிக்கல், காந்தத்தில் ஒட்டும். வெள்ளி ஒட்டாது. 1969 காந்தி நூற்றாண்டு பத்து ரூபாய் 15 கிராம் எடையில் 80 சதவீத வெள்ளி. அதில் 12 கிராம் இருக்கிறது. பழைய பிரிட்டிஷ் பவுன் காசு இருந்தால் 7.98 கிராம், 22 காரட். அதை நகைக்கடையில் போடும் முன் ஆண்டையும் குறியையும் பாருங்கள்: 1918இல் பம்பாயில் அடித்த பவுனில் ஆண்டுக்கு மேலே ஆங்கில 'ஐ' எழுத்து இருக்கும்.

நான்காம் படி: மூன்று குவியல்

இனி பிரிக்கலாம். முதல் குவியல், உலோக விலைக்குச் சற்று மேலே மட்டும் போகும் தேய்ந்த வெள்ளி. இரண்டாவது, சேகரிப்பாளர் விரும்பும் நல்ல நிலை நாணயங்களும் முழுமையான வரிசைகளும். மூன்றாவது, அரியவை என்று நீங்கள் சந்தேகிப்பவை. இந்த மூன்றிலும் சேராத 5 பைசா, 10 பைசா, தாமரை 20 பைசா போன்றவை தனி டப்பாவில் இருக்கட்டும். வரிசைகளை உடைக்காதீர்கள், ஒரே மதிப்பில் எல்லா ஆண்டும் இருந்தால் அதற்குத் தனி ஈர்ப்பு உண்டு.

ஐந்தாம் படி: எந்தக் குவியல் எங்கே

தேய்ந்த வெள்ளியை நகைக்கடையில் கொடுத்தால் உருக்கும் கணக்கில்தான் எடுப்பார்கள், சேதாரமும் கழிப்பார்கள். நாணய வியாபாரி பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாகத் தருவார்; அவருக்கு அது நாணயமாகவே விலை போகும்.

இரண்டாம் குவியலுக்கு என் தேர்வு நாணயக் கண்காட்சி. கல்யாண மண்டபத்திலோ பள்ளி அரங்கிலோ பல வியாபாரிகள் ஒரே கூரையின் கீழ் மேஜை போட்டிருப்பார்கள். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நான்கைந்து பேரிடம் விலை கேளுங்கள். முதல் மேஜையில் விற்காதீர்கள். ஒருவர் எதைத் தனியாக எடுத்துப் பார்க்கிறார் என்று கவனியுங்கள், அதுவே ஒரு தகவல். வியாபாரி சில்லறை விலையைத் தர மாட்டார். கடை, காத்திருப்பு, லாபம் எல்லாம் அவருக்கு உண்டு. அது நியாயமே. கூடுதல் வேண்டும் என்றால் நாணயச் சங்கக் கூட்டங்களுக்குச் சென்று சேகரிப்பாளரிடம் நேராக விற்கலாம். விலை நன்றாக இருக்கும், நேரம் பிடிக்கும்.

மூன்றாம் குவியல் ஏலத்துக்கு. மும்பையில் டோடிவாலா, பெங்களூரில் மருதர் ஆர்ட்ஸ், அகமதாபாத்தில் கிளாசிகல் நியூமிஸ்மாட்டிக் கேலரி போன்ற நிறுவனங்கள் நாணய ஏலம் நடத்துகின்றன. படங்களை அனுப்பினால் ஏற்பார்களா என்று சொல்வார்கள். கையெழுத்திடும் முன் விற்பவரிடம் எத்தனை சதவீதம் கமிஷன், குறைந்தபட்ச விலை யார் வைப்பது, விற்காமல் போனால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது, பணம் எத்தனை நாளில் வரும் என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். அவசரப் பணத் தேவைக்கு ஏலம் உதவாது. பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரச்சான்று நிறுவனங்கள் காசை மதிப்பிட்டு மூடித் தரும் பிளாஸ்டிக் உறை அரிய காசுக்குப் பயன்படும். சாதாரணக் காசுக்குச் சான்றுக் கட்டணமே காசின் விலையை மிஞ்சிவிடும்.

ஆறாம் படி: மோசடியும் சட்டமும்

"வைஷ்ணவ தேவி ஐந்து ரூபாய் காசுக்குப் பல லட்சம்" என்று வரும் வீடியோக்களை நம்பாதீர்கள். ராமர் பட்டாபிஷேகம் பொறித்து 1818 என்று ஆண்டு போட்ட கிழக்கிந்தியக் கம்பெனிக் காசும் கற்பனைத் தயாரிப்பே. வாங்குகிறேன் என்பவர் பதிவுக் கட்டணம், ஜிஎஸ்டி, ரிசர்வ் வங்கிச் சான்று என்று உங்களிடம் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பழைய நாணய வர்த்தகத்தில் தனக்குச் சம்பந்தமில்லை, யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளிப்படையாக எச்சரித்திருக்கிறது. பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண்ணைப் போட வேண்டியதில்லை. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

நூறு ஆண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. வெளிநாட்டு வாங்குபவர் என்ன விலை சொன்னாலும் சரி. தொல்பொருள் விற்பதைத் தொழிலாகச் செய்பவருக்கு உரிமம் தேவை, ஏல நிறுவனத்திடம் அதைக் கேட்டுப் பாருங்கள். நிலத்தில் தோண்டும்போது கிடைத்த காசு என்றால் விற்பனைக்கே போகக் கூடாது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஏழாம் படி: கைமாற்றும்போது

யாரிடமும் பெட்டியை "பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று விட்டுவிட்டு வராதீர்கள். விட்டே ஆக வேண்டும் என்றால் படங்களோடும் எடையோடும் கூடிய பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள். பெரிய தொகையை வங்கி வழியாகவே பெறுங்கள், வரி பற்றி ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தபாலில் அனுப்பினால் காப்பீடு செய்யுங்கள். காசுகள் ஒன்றோடொன்று உரசாதபடி கட்டுங்கள்.

பட்டியலில் விற்றவற்றுக்கு நேராகத் தேதி, விலை, வாங்கியவர் பெயர் எழுதி வையுங்கள். விற்காத 5 பைசா டப்பாவை மொத்த எடைக்குத் தள்ளிவிட வேண்டாம். 25 பைசாவும் அதற்குக் கீழுள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. பணமாக அவற்றால் பெரிதாக எதுவும் வராது. உறவில் பத்து வயதுப் பிள்ளை யாராவது இருந்தால், லென்ஸையும் சேர்த்து அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள்.