டியூபுலின் சிவந்தது ஏன்?

நுண்ணோக்கியில் பார்க்க, ஹீலா செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதச் செல்கள்) இரண்டு புரதங்களுக்கு நிறம் ஏற்றினேன்: செல்லுக்குள் இழைகளாக ஓடும் டியூபுலினுக்குச் சுண்டெலி ஆன்டிபாடி, பச்சை நிறம்; உட்கருப் புரதம் ஒன்றுக்கு ஆட்டு ஆன்டிபாடி, சிவப்பு நிறம். புரதத்தைப் பிடிக்கும் இந்த ஆன்டிபாடிகள் பிரைமரிகள்; இவற்றைப் பிடித்து நிறம் தரும் ஆன்டிபாடிகள் செகண்டரிகள். உட்கருவில் மட்டும் தெரிய வேண்டிய சிவப்பு, டியூபுலின் இழைகள் முழுக்க ஓடியது.

நுண்ணோக்கியின் ஃபில்டரில் பச்சை ஒளி சிவப்புக்குள் கசிகிறதோ? பச்சை மட்டும் போட்ட ஸ்லைடில் சிவப்பு சேனல் இருட்டாகவே இருந்தது. சரி, ஆட்டுப் பிரைமரியை மட்டும் விட்டுவிட்டு இரண்டு செகண்டரிகளையும் சேர்த்தேன். இழைகள் மறுபடி சிவந்தன. அந்த ஒரு ஸ்லைடு போதும், காரணம் புரிந்துவிட்டது. சுண்டெலிக்கு எதிரான அலெக்ஸா ஃப்ளோர் 488 (பச்சைச் சாயம்) செகண்டரியே ஆட்டில் தயாரானது. ஆட்டுக்கு எதிரான 594 (சிவப்புச் சாயம்) செகண்டரி அதையும் பிடித்துக்கொண்டது.

இரண்டு செகண்டரிகளையும் கழுதையில் தயாரானவையாக மாற்றினேன். பிற விலங்குகளின் ஆன்டிபாடிகளோடு ஒட்டாதபடி சுத்திகரித்தவைதான் வேண்டும். லேபிளில் அதை அவசியம் பாருங்கள். பிளாக்கிங்குக்கும் (ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் தடுப்பதற்கு) ஆட்டு சீரத்தை விட்டுக் கழுதை சீரம். சிவப்பு உட்கருவுக்குள் அடங்கியது, அழகாக!

புதிது வாங்க முடியாதவர்கள் வரிசையை மாற்றலாம்: ஆட்டுக்கு எதிரான செகண்டரியை முதலில் போட்டு, நன்றாகக் கழுவி, அதன் மிச்சக் கைகளை (இன்னும் எதையும் பிடிக்காத முனைகளை) ஆட்டு சீரத்தால் நிரப்பி, அப்புறம் மற்றதைச் சேர்க்க வேண்டும்.