சண்டே கிளாஸில் போட்டோகிராபி: முதல் வாரம் போன் வேண்டாம்

சபையின் சண்டே கிளாஸில் போட்டோ எடுக்கச் சொல்லித்தரப் போகிறோம் என்று அறிவித்தால் பிள்ளைகள் வீட்டுப் போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். வாங்கி மேசைமேல் வைத்துவிடுங்கள். முதல் வகுப்புக்கு ஓர் இருட்டு அறை போதும்.

வெஸ்ட்ரி (போதகர் அங்கி மாற்றும் அறை) மாதிரி ஒற்றை ஜன்னல் உள்ள அறையாக, வெளியே நல்ல வெயில் அடிக்கிற நேரமாகப் பார்த்து, ஜன்னலைக் கறுப்புச் சார்ட்டால் முழுக்க மூடி, நடுவில் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு ஓட்டை போட்டு, நாலைந்து அடி தள்ளி ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிடுங்கள். கதவிடுக்கில் துணி அடைக்க மறக்காதீர்கள், கொஞ்சம் வெளிச்சம் கசிந்தாலும் காரியம் கெட்டுவிடும். கண் பழக ஐந்து நிமிடமாவது ஆகும், அதுவரை பின்வரிசையில் கிசுகிசுப்பு இருக்கத்தான் செய்யும். அப்புறம் பாருங்கள், வெளியே நிற்கிற வேப்பமரம் வேட்டியில் தலைகீழாக, பச்சை நிறத்தோடு, காற்றில் ஆடியபடி தெரியும். கேமரா என்ற லத்தீன் சொல்லுக்கே அறை என்றுதான் பொருள். லென்ஸெல்லாம் பிறகு வந்தது.

வேதபாடம் இந்த இடத்தில் தானாகவே வரும், வலிந்து நுழைக்க வேண்டாம். போட்டோகிராபி கிரேக்கத்திலிருந்து வந்த சொல். யோவான் 8:12இல் உலகத்துக்கு ஒளி என்று இயேசு சொல்லும் இடத்தில் மூலத்தில் இருப்பது 'ஃபோஸ்', வெளிச்சம். 'கிராஃபே' என்றால் எழுத்து, புதிய ஏற்பாட்டில் வேதவாக்கியத்துக்கு வருகிற சொல்லும் அதுதான். இதைச் சொன்னால் பெரிய பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அடுத்த வாரம் போனைக் கொடுங்கள். முதலில் லென்ஸைத் துடைக்கச் சொல்லுங்கள், படம் மங்கலாக வருவதற்குப் பல சமயம் விரல் எண்ணெய்தான் காரணம். ஒரு பிள்ளையை ஜன்னலைப் பார்த்து நிறுத்தி ஒரு படம், பக்கவாட்டில் திருப்பி ஒன்று, ஜன்னலுக்கு முதுகு காட்ட வைத்து ஒன்று. மூன்றாவதில் முகம் கறுத்துப் போகும், அப்போது திரையில் முகத்தைத் தொடச் சொன்னால் வெளிச்சம் மாறுவதை அவர்களே பிடித்துக்கொள்வார்கள். ஜூம் வேண்டாம், நடந்து கிட்டே போகட்டும். ஆளுக்குப் பத்துப் படம், அழிக்கக் கூடாது. இந்தக் கணக்கில் மட்டும் இளகிவிடாதீர்கள், நூறு எடுக்கிறவன் ஒன்றையும் பார்க்கமாட்டான்.

வெளியே கூட்டிப்போக, சபையார் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகையின் சமையலைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அண்டாவுக்குப் பின்னாலிருந்து வெயில் வருகிற மாதிரி நின்றால் ஆவி வெள்ளையாக எழுந்து தெரியும்.

கிளம்புமுன் சில கண்டிப்புகள். ஜெபிக்கிறவர்களையும் திருவிருந்து வாங்குகிறவர்களையும் எடுக்கக் கூடாது, ஆராதனையில் ஃபிளாஷ் கூடவே கூடாது. யாரை எடுத்தாலும் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். பிள்ளைகள் முகம் தெரிகிற படம் பெற்றோர் சம்மதம் இல்லாமல் வாட்ஸ்அப்பில் போகக் கூடாது. அரிசிப் பையும் சேலையும் கொடுக்கும்போது வாங்குகிறவரைக் கேமராவைப் பார்க்கச் சொல்லும் வழக்கம் நம் சபைகளில் நிறையவே இருக்கிறது. தர்மம் செய்யும்போது வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்கிற மத்தேயு 6:3ஐ வாசித்துவிட்டு, கொடுக்கிற கையைக்கூட எடுக்கலாமா என்று அவர்களிடமே கேளுங்கள். என் வகுப்பில் அந்த வாதம் மணியடித்த பிறகும் ஓயவில்லை.