வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போகும் பசுமைக்குடில்

என் பசுமைக்குடில் பத்தடி அகலம், இருபதடி நீளம். நான் குடியிருக்கும் இடத்திலிருந்து அங்கே போக ஒன்றரை மணி நேரம் ஆகும். வேலை, வீடு எல்லாம் போக, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அங்கே முழுசாக இருக்க முடிகிறது. ஆறு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. தினமும் குடிலுக்குப் போக முடியாத யாருக்காவது உதவும் என்பதால், பட்டதையும் கற்றதையும் எழுதுகிறேன்.

முதல் வருடம் நாற்பது தக்காளி நாற்றுகளை இரண்டே நாளில் இழந்தேன். ஞாயிறு மாலை காற்று பலமாக அடித்தது என்று கதவையும் கூரை ஜன்னலையும் இறுக்கிச் சாத்திவிட்டு வந்தேன். திங்கட்கிழமை மேகமே இல்லாத வெயில். செவ்வாயன்று வேறொரு வேலையாக அந்தப் பக்கம் போக நேர்ந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் நாற்றுகள் வெந்து சரிந்து கிடந்தன. தட்டில் விரலை விட்டால் ஈரம் அப்படியே இருந்தது. வெப்பமானி 51 டிகிரி வரை ஏறி இறங்கியிருந்தது. நாம் இல்லாதபோது தண்ணீர் தீர்வதற்கு முன்னாலேயே சூடு வந்து செடியை எடுத்துவிடும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதனால் சூட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

சூடான காற்று மேலே போகும். அது வெளியேறக் கூரையில் வழி வேண்டும். அதன் இடத்துக்குக் குளிர்ந்த காற்று வரப் பக்கவாட்டில், தரையை ஒட்டி இன்னொரு வழி வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் காற்று சரியாக நகராது. கூரையில் திறக்கும் பரப்பு, தரைப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் நல்லது. என் குடிலின் தரை 200 சதுர அடி, அப்படியானால் திறப்பு 40 சதுர அடி. எனக்கு முதலில் இருந்தது 12 சதுர அடிதான். பூச்சி வராமல் இருக்க வலை அடித்தால் காற்று இன்னும் குறையும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜன்னலைத் திறக்க மின்சார மோட்டார் வேண்டாம் என்பது என் கருத்து. மெழுகு உருளை வைத்த தானியங்கித் திறப்பான் கிடைக்கிறது. சூடு ஏற ஏற உருளைக்குள் இருக்கும் மெழுகு உருகி விரிந்து ஒரு தண்டைத் தள்ளும், ஜன்னல் தூக்கும். குளிர்ந்தால் மெழுகு சுருங்கும், ஸ்பிரிங் இழுத்து மூடிவிடும். மின்சாரம் போனாலும், நீங்கள் எங்கே இருந்தாலும், அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். ஆனால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, அது மெதுவானது. மேகம் விலகி வெயில் திடீரென்று அடித்தால் மெழுகு உருகிச் சுதாரிப்பதற்குள் உள்ளே சூடு ஏறிவிடும். அதனால் கோடையில் கீழ்ப்பக்கத் திறப்பு ஒன்றை எப்போதும் நாலு விரல் திறந்தே வைத்திருக்கிறேன். இன்னொன்று, திறந்திருக்கும் ஜன்னலைக் காற்று பிடித்துப் பிய்த்துவிடும். ஒரு சிறு சங்கிலி போட்டு அது திறக்கும் அளவைக் கட்டுப்படுத்துங்கள். வருடத்துக்கு ஒருமுறை தண்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய், அவ்வளவுதான்.

நிழல்வலையைக் குடிலின் வெளிப்பக்கம் போடுங்கள். உள்ளே கட்டினால் வெயில் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. வலை சூடாகி அந்தச் சூட்டையும் குடிலுக்குள்தான் விடும். தக்காளி, மிளகாய்க்கு வெயிலில் 35 சதவீதத்தை மறைக்கும் வலை போதும், 50க்கு மேல் போனால் செடி வெளிறி நெட்டையாக வளர ஆரம்பித்துவிடும். தக்காளிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பகல் சூடு 35 டிகிரியைத் தாண்டிக்கொண்டே இருந்தால் மகரந்தம் கெட்டுப் பூ உதிர்ந்துவிடும். செடி பச்சையாக நிற்கும், காய் மட்டும் இருக்காது.

சரி, இப்போது தண்ணீர். பெரும்பாலானவர்கள், குறித்த நேரத்தில் தண்ணீரைத் திறந்து மூடும் டைமர் வாங்குவதில் ஆரம்பிக்கிறார்கள். நான் கணக்கில் ஆரம்பிக்கச் சொல்வேன். என்னிடம் வளர்ந்த செடி இருபது. வெயில் நாளில் ஒன்றுக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் கொடுக்கிறேன், ஆக ஒரு நாளைக்கு 30 லிட்டர், ஏழு நாளைக்கு 210. முதலில் நான் வைத்திருந்தது 200 லிட்டர் டிரம் ஒன்று. அதாவது, ஒவ்வொரு வாரமும் கடைசி நாள் செடிகள் காய்ந்துகொண்டிருந்தன, எனக்குத் தெரியவே இல்லை. இப்போது இரண்டு டிரம்களை அடியில் குழாயால் இணைத்திருக்கிறேன். ஒரு ஞாயிறு போக முடியாவிட்டாலும் மேலும் ஆறு நாள் தாங்கும்.

குழாயிலிருந்து நேரடி இணைப்பு இருக்கிறவர்களும் நடுவில் ஒரு தொட்டி வையுங்கள் என்று சொல்வேன். எந்த ஏற்பாட்டைச் செய்தாலும், இது பழுதானால் என்ன ஆகும் என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். டைமரின் வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டால், நேரடி இணைப்பில் ஆறு நாள் தண்ணீர் ஓடிக் குடில் குளமாகும். தொட்டியில் இருந்து வந்தால் தொட்டி காலியாவதோடு நிற்கும்.

ஆனால் தொட்டிக்கு அழுத்தம் குறைவு. ஒரு மீட்டர் உயரத்தில் வைத்தால் 0.1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) தான் கிடைக்கும். செடியின் அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் சாதாரண சொட்டுவான்களுக்கு ஒரு பார் அழுத்தத்தை வைத்துத்தான் அளவு குறித்திருப்பார்கள். மணிக்கு 2 லிட்டர் என்று போட்டிருப்பது, அந்த உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கொடுக்கும். அழுத்தத்தைச் சமன்செய்யும் வகைச் சொட்டுவான்கள் இந்த அழுத்தத்தில் சரியாக வேலை செய்யாது. டைமரிலும் அதே கதை. சில வகைகளில் வால்வு திறக்கவே குழாயில் அழுத்தம் இருக்க வேண்டும். தொட்டிக்கு உருண்டை வால்வு வைத்த டைமரைக் கேட்டு வாங்குங்கள், அழுத்தமே இல்லாவிட்டாலும் மோட்டார் அதைத் திருப்பிவிடும். அப்புறம், அட்டையில் போட்டிருக்கும் அளவை நம்ப வேண்டாம். தொட்டிக்குப் பக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைக்கோடியில் ஒன்று என்று மூன்று சொட்டுவான்களுக்கு அடியில் டம்ளர் வைத்து, பதினைந்து நிமிடம் ஓட்டி அளந்து பாருங்கள். தொட்டி நிறைந்திருக்கும்போது ஒருமுறை, கால்வாசி இருக்கும்போது ஒருமுறை. இந்த இரண்டு அளவையும் பார்த்த பிறகுதான் டைமரில் எத்தனை நிமிடம் என்று முடிவு செய்தேன்.

ஒரே மூச்சில் விடாமல், நாளுக்கு மூன்று தடவையாகப் பிரித்துவிடுகிறேன்: விடிந்ததும், பத்து மணிக்கு, ஒரு மணிக்கு. மாலையில் விடுவதே இல்லை. இரவெல்லாம் உள்ளே ஈரக்காற்று தேங்கினால் இலையில் சாம்பல் நிறப் பூஞ்சணம் வந்துவிடும், ஒரு வாரம் கவனிக்க ஆள் இல்லாத குடிலில் அது வேகமாகப் பரவும். நாள்தோறும் சீராகத் தண்ணீர் கிடைப்பது தக்காளிக்கு ரொம்ப முக்கியம். காய்ந்து, பிறகு மொத்தமாக நனைந்தால் பழம் வெடிக்கும். வேருக்குச் சீராக ஈரம் இல்லாவிட்டால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராமல் அதன் அடிப்பகுதி கறுத்து அழுகும்.

ஃபில்டர் இல்லாமல் சொட்டுநீர் போடாதீர்கள். டிரம்மை வெளிச்சம் புகாதபடி மூடி வையுங்கள். வெளிச்சம் பட்டால் பாசி வளரும், பாசி வந்தால் சொட்டுவான் அடைக்கும். ஒவ்வொரு முறை போகும்போதும் குழாயின் கடைசி முனையைத் திறந்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை ஓடவிட்டு மூடுகிறேன்.

டைமர் நின்றுபோனாலும் செடி மூன்று நாள் சமாளிக்க வேண்டும். அதற்குச் சிறிய செடித்தொட்டிகளை ஒழித்தேன். ஐந்து லிட்டர் செடித்தொட்டியில் இருக்கும் தக்காளி ஒரு வெயில் நாளிலேயே வாடிவிடும். இருபத்தைந்து லிட்டர் பையில் இருப்பது தாங்கும். மேலே மூன்று விரல் கனத்துக்குக் காய்ந்த இலை மூடாக்கு. நாற்றுத் தட்டுகளுக்கு மட்டும் தண்ணீரை உறிஞ்சும் தடித்த துணி விரிப்பு. அதன் ஒரு முனை தண்ணீர் நிறைந்த தட்டில் மூழ்கியிருக்கும். நாற்றுத் தட்டின் அடித்துளை விரிப்பை நேராகத் தொட வேண்டும், நடுவில் ஓடோ கல்லோ இருந்தால் ஈரம் ஏறாது.

டிரம்மின் வெளிப்பக்கம் ஒளி ஊடுருவும் ஒரு மெல்லிய குழாயைச் செங்குத்தாகப் பொருத்தி, 30 லிட்டருக்கு ஒரு கோடு போட்டிருக்கிறேன். இத்தனை வருடத்தில் நான் செய்ததிலேயே மிகவும் பயன்பட்டது இந்தக் கோடுகள்தான். ஏழு நாள் கழித்துப் போகும்போது ஏழு கோடு இறங்கியிருக்க வேண்டும். நாலுதான் இறங்கியிருந்தால் எங்கோ அடைப்பு, பதினொன்று என்றால் எங்கோ ஒழுகல். செடியைப் பார்ப்பதற்கு முன்பே வாரம் எப்படிப் போனது என்று தெரிந்துவிடும்.

குடிலுக்குப் பக்கத்து வீட்டு அக்கா நல்ல மனசுக்காரர். ஒரு மதியம் இலைகள் தொங்குவதைப் பார்த்துப் பாவப்பட்டு, வாளி வாளியாக ஊற்றிவிட்டார். மதிய வெயிலில் மண் ஈரமாக இருந்தாலும் இலை தொங்கும். மாலையில் தானாக நிமிரும். நான்தான் அதை அவரிடம் சொல்லி வைக்கவில்லை, நாலு செடி வேர் அழுகிப் போனது. இப்போது அவரிடம் ஒரே ஒரு வேலைதான் கேட்டிருக்கிறேன்: “அக்கா, புதன்கிழமை மட்டும் ஒரு எட்டு பாருங்க. தண்ணி மேலேருந்து நாலாவது கோட்டுக்குக் கீழ போயிருந்தாலோ, கூரை ஜன்னல் மதியத்துல மூடியிருந்தாலோ எனக்கு ஒரு போன் பண்ணுங்க. வேற எதையும் தொட வேண்டாம்.” உதவுகிறவரிடம் இப்படிக் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய ஒன்றிரண்டு விஷயங்களை மட்டும் ஒப்படையுங்கள்.

பூச்சி விஷயத்தில் ஒரு வாரம் என்பது பெரிய இடைவெளி. 30 டிகிரிச் சூட்டில், இலைச்சாற்றை உறிஞ்சும் மிகச் சிறிய செஞ்சிலந்திக்கு முட்டையிலிருந்து வளர்ந்த பூச்சியாவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் போதும்; நீங்கள் போய்த் திரும்புவதற்குள் ஒரு தலைமுறை வந்திருக்கும். அதனால் போன உடனே செய்யும் வேலை, ஒவ்வொரு வரிசையிலும் நாலைந்து செடிகளின் அடி இலைகளைத் திருப்பிப் பார்ப்பதுதான். மஞ்சள் ஒட்டுப்பொறியில் தேதி எழுதி மாட்டுங்கள், வெள்ளை ஈயும் அசுவினியும் போன வாரத்தைவிடக் கூடியிருக்கிறதா என்று தெரியும். இலைப்பேனுக்கு நீலப்பொறி. ஒரு இலை சந்தேகமாக இருந்தாலும் அன்றே கிள்ளிப் பையில் கட்டி வெளியே எடுத்துப் போய்விடுகிறேன்.

சூடு எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று குறித்து வைக்கும் உயர்வு தாழ்வு வெப்பமானியைப் பார்த்து, நோட்டில் எழுதிவிட்டுத்தான் பழைய குறியை நீக்க வேண்டும். ஜேம்ஸ் சிக்ஸ் என்பவர் 1780இல் உருவாக்கிய கருவி அது. நாம் இல்லாதபோது நடந்ததைச் சொல்ல அதைவிட எளிமையானது எனக்குத் தெரியவில்லை. போனில் சூட்டைக் காட்டும் சென்சார் இருந்தாலும் இதை நான் கழற்றவில்லை.

அறுவடையில் தயவு பார்க்காதீர்கள். வெள்ளரி ஒரு வாரத்தில் முற்றிவிடும், முற்றிய காய் கொடியில் இருந்தால் புதுக்காய் பிடிப்பது குறையும். அதனால் நான் வெள்ளரியை விட்டுவிட்டு, இரண்டு நாள் தாமதத்தைப் பொறுக்கும் மிளகாய், கத்தரி, தக்காளியோடு நின்றுவிட்டேன். தக்காளி பூத்திருக்கும்போது கொத்தை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள். காற்று அதிகம் ஆடாத குடிலுக்குள் மகரந்தம் உதிர அது உதவும்.

புதிதாக ஏற்பாடு செய்கிறவர்கள் நேராக ஒரு வாரம் விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். விடுமுறையில் மூன்று நாள் அங்கேயே இருந்து, எதையும் கையால் தொடாமல் ஒத்திகை பாருங்கள். என் முதல் ஒத்திகையில் இரண்டாம் நாளே ஒரு இணைப்பு கழன்று வந்தது. அருகில் இருந்ததால் பிழைத்தது.

ஞாயிறு மாலை கிளம்பும் முன் டிரம்மை நிரப்பி, டைமரின் பேட்டரியைப் பார்த்து, ஒருமுறை கையால் ஓட்டுகிறேன். கடைக்கோடிச் செடியின் அடியில் சொட்டு விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கதவைச் சாத்துவது.