பைக் ரேஸ் நடக்க வாய்ப்புள்ள சாலைகளை ஜி.ஐ.எஸ். (புவியியல் தகவல் அமைப்பு) வரைபடத்தில் கண்டறிவது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

சென்னையில் நள்ளிரவு பைக் ரேஸ் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் காமராஜர் சாலை, கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற சில பெயர்களே திரும்பத் திரும்ப அடிபடுகின்றன. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆவது பிரிவு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு, இக்குற்றத்திற்கு முதல் முறையே மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. ஆனால் தண்டனை என்பது பந்தயம் நடந்த பிறகு வருவது. எந்தச் சாலையின் அமைப்பு பந்தயத்திற்கு இடம் கொடுக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தால், ஓர் உயிர் போவதற்கு முன்பே அங்கு தடுப்பு வைக்க முடியும்.

படி 1: தரவைத் திரட்டுதல்

க்யூ.ஜி.ஐ.எஸ். என்னும் இலவச மென்பொருளை நிறுவி, திட்டத்தின் ஆயத்தொலை முறையை (இடங்களை எண்களால் குறிக்கும் முறை), சென்னை அடங்கும் யு.டி.எம். 44 வடக்கு மண்டலத்திற்கு (மென்பொருளில் இதன் குறியீடு இ.பி.எஸ்.ஜி. 32644) மாற்றிக்கொள்ளுங்கள். அப்போதுதான் நீளங்கள் மீட்டரில் கிடைக்கும். பின்னர் குயிக்.ஓ.எஸ்.எம். என்னும் துணைநிரலின் வழியாக, ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்னும் இலவச இணைய வரைபடத்திலிருந்து முக்கியச் சாலைகள், சிக்னல்கள், வேகத்தடைகள் ஆகிய மூன்று அடுக்குகளைப் பதிவிறக்கி, அவற்றையும் இதே மண்டலத்தில் சேமியுங்கள்.

படி 2: தடையற்ற நீட்சிகளை உருவாக்குதல்

இந்த வேலையின் உயிர்நாடி இந்தப் படிதான். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரே சாலை பல துண்டுகளாகக் கிடக்கும் என்பதால், அத்துண்டுகளை முதலில் பெயர்வாரியாக இணைக்க வேண்டும். அடுத்து, சிக்னல்களையும் வேகத்தடைகளையும் சுற்றி 25 மீட்டர் பஃபர் (சுற்றெல்லை) வரைந்து, மென்பொருளிலுள்ள டிஃபரன்ஸ் கருவியால் அந்தப் பகுதிகளைச் சாலைக் கோட்டிலிருந்து வெட்டி நீக்கி, எஞ்சியவற்றைத் தனித்தனிக் கோடுகளாகப் பிரித்தால், வண்டி நிற்காமல் ஓடக்கூடிய நீட்சிகள் கிடைக்கும்.

இங்கே இரண்டு இடங்களில் கவனம் தேவை. மேம்பாலத்தின் கீழுள்ள சிக்னல், மேலே செல்லும் பாலத்தையும் சேர்த்து வெட்டிவிடும். ஆகவே இணைப்பதற்கு முன்பே பாலங்களைத் தனி அடுக்காக ஒதுக்கி வையுங்கள். புத்தாண்டு இரவில் சென்னையின் மேம்பாலங்கள் மூடப்படுவதை நினைத்துப் பார்த்தால், இந்த அடுக்கு எவ்வளவு முக்கியமானது என்பது விளங்கும். மற்றொன்று, பின்னிரவில் பல சிக்னல்கள் மஞ்சள் விளக்கை மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். அவை பந்தயக்காரர்களை நிறுத்துவதில்லை. எனவே சிக்னல்களைக் கணக்கில் கொள்ளாமல், வேகத்தடைகளை மட்டும் வைத்து வெட்டிய இரவு வரைபடம் ஒன்றையும் தயாரியுங்கள். என் கருத்தில், பகல் வரைபடத்தைவிட இதுவே நம்பத்தக்கது.

படி 3: நீளமும் நேர்கோட்டுத் தன்மையும்

நேர்ப் பந்தயத்தின் வழக்கமான தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நிற்பதற்கு ஏறத்தாழ 150 மீட்டர் வேண்டும். கிளம்புமிடத்தில் கூடி நிற்பதற்கும் சிறிது இடம் வேண்டும். ஆகவே 600 மீட்டருக்குக் குறைந்த நீட்சிகளை விட்டுவிடலாம். எஞ்சியவற்றின் நீளத்தை, அவற்றின் இரு முனைகளுக்கு இடையிலான நேர்த்தூரத்தால் வகுத்துப் பாருங்கள். விடை 1.05க்குள் இருந்தால் அந்தச் சாலை நேரானது. நேப்பியர் பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை செல்லும் கடற்கரைச் சாலையில் கணக்கிட்டுப் பார்த்தால் இந்த அளவுகோலின் பொருள் உடனே புரியும்.

படி 4: மதிப்பெண்

நீளம், நேர்கோட்டுத் தன்மை, தடங்களின் எண்ணிக்கை, யூ-டர்ன் வசதி ஆகியவற்றுக்குத் தனித்தனி மதிப்பெண் கொடுத்துக் கூட்டுங்கள். ஒரு பகுதியில் வாழும் இளைஞர்களின் எண்ணிக்கை, அங்குள்ளவர்களின் வருமானம் போன்றவற்றை எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். இந்த வரைபடம் சாலையை மதிப்பிடுவதற்கானது. ஆட்களைச் சந்தேகிப்பதற்கு அது கருவியாகிவிடக் கூடாது.

படி 5: சரிபார்த்தல்

புகார்ப் பதிவுகள் கிடைத்தால், பெயர்களையும் வண்டி எண்களையும் நீக்கிவிட்டு, இரவு 10 மணி முதல் அதிகாலை 4 மணி வரையிலான நிகழ்வுகளை மட்டும் புள்ளிகளாக இடுங்கள். மதிப்பெண் தருவதற்கு அவற்றைப் பயன்படுத்தாமல், சோதிப்பதற்கு மட்டும் வைத்திருங்கள். எடுத்துக்காட்டாக, நீங்கள் குறித்த நீட்சிகள் மொத்தச் சாலை நீளத்தில் 10 விழுக்காடாக இருந்து, நிகழ்வுகளில் 40 விழுக்காடு அவற்றின் மேல் விழுந்தால், உங்கள் கணிப்பு குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுப்பதைவிட நான்கு மடங்கு சிறந்தது. ஆனால் குடியிருப்புகள் இல்லாத சாலையில் புகார் சொல்ல ஆளிருக்காது. ரோந்து போகும் இடத்தில்தான் வழக்கும் பதிவாகும். ஆகையால் புள்ளியே விழாத உயர்மதிப்பெண் நீட்சியை ஒதுக்கிவிடாமல், பகலில் நேரில் சென்று தார்ப்பரப்பில் டயர்த் தடங்கள் உள்ளனவா என்று பாருங்கள்.

படி 6: ஒப்படைத்தல்

காவல்துறையிடமோ மாநகராட்சியிடமோ வரைபடத்தைக் கொடுக்கும்போது, ஒவ்வொரு நீட்சிக்கும் எதிரே எங்கே தடுப்பு வைக்கலாம், எங்கே விளக்கு குறைவு என்ற குறிப்பையும் சேர்த்துக் கொடுங்கள். ரோந்து வாகனம் வந்து போனதும் பந்தயம் அடுத்த சாலைக்கு நகரக்கூடும் என்பதால், பட்டியலில் முதலிடத்திலுள்ள நீட்சியோடு அதற்கு அருகிலுள்ளவற்றையும் குறித்துக்காட்டுவது நல்லது. மெட்ரோ ரயில் பணிக்காகக் குறுக்கப்பட்ட சாலைகளில் தடுப்புகள் அகற்றப்பட்டுப் புதுத் தார் போடப்படும்போது, அந்த நீட்சிகளுக்கு இரண்டாம் படியிலிருந்து கணக்கை மீண்டும் செய்ய வேண்டும்.