சி.எஸ்.ஆர். விவாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) பற்றிப் பேச்செடுத்தால் உடனே அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் பெயர் வந்துவிடும். லாபத்தைப் பெருக்குவதே தொழிலின் சமூகப் பொறுப்பு என்று 1970-இல் அவர் எழுதியது உண்மைதான். ஆனால் ஏமாற்றுதலும் மோசடியும் இல்லாமல், விதிகளுக்கு உட்பட்டு என்ற நிபந்தனையும் அதே கட்டுரையில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு அவரைத் துணைக்கு அழைப்பதும் தவறு, திட்டுவதும் தவறு.

இந்தியாவில், லாபத்தில் ஒரு பகுதியைச் சமூகப் பணிகளுக்குச் செலவிடச் சொல்லும் 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு வந்த பிறகு, விவாதம் பெரும்பாலும் கணக்கு வழக்காகச் சுருங்கிவிட்டது. அந்தக் கணக்கிலும் பிழைகள் உண்டு. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய்: முந்தைய நிதியாண்டில் இவற்றில் ஒன்றைத் தொட்டாலே சட்டம் பொருந்தும். மூன்றும் சேர வேண்டும் என்று நினைத்து இருந்துவிடாதீர்கள். செலவிட வேண்டியது முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதம்.

எதை இந்தக் கணக்கில் எழுதுவது என்பதில்தான் பெரிய தடுமாற்றம். ஊழியர்களுக்கு மட்டும் நடத்தும் மருத்துவ முகாம் சேராது. சாயப்பட்டறை தன் கழிவுநீரைச் சுத்திகரிப்பதும் சேராது. அது வேறு சட்டப்படி ஏற்கெனவே செய்தாக வேண்டிய வேலை. இந்த விலக்கு எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. பொறுப்பு, லாபம் வந்த வழியிலேயே தொடங்குகிறது. ஒப்பந்தத் தொழிலாளியின் கூலியை இழுத்தடிக்கும் நிறுவனம், ஊருக்கு நூலகம் கட்டிக் கொடுத்து அதை ஈடுகட்டிவிட முடியாது.

அடுத்தது மார்ச் மாத அவசரம். ஒரு கிராமத்துப் பள்ளியில் புதிய கழிப்பறை ஒன்றைப் பார்த்தேன். பளபளக்கும் டைல்ஸ், வாசலில் நன்கொடையாளர் பெயர்ப் பலகை, கதவில் பூட்டு. குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைத் தீர்க்க வேண்டும் என்று கட்டியதாம். அந்தப் பதற்றத்துக்குத் தேவையே இல்லை. ஆண்டைத் தாண்டி நடக்கும் திட்டமாக எடுத்திருந்தால், மீதிப் பணத்தை நிதியாண்டு முடிந்த 30 நாட்களுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டு, மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவழிக்கச் சட்டமே இடம் தருகிறது. கட்டுவதற்கு முன் தலைமையாசிரியையிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், முதலில் ஆழ்துளைக் கிணறு போடுங்கள் என்று சொல்லியிருப்பார்.