தக்கலை பக்கம் வந்தா அரண்மனையோட நிறுத்தாதீங்க, கோட்டையையும் பாத்துட்டு போங்க

பத்மநாபபுரம் அரண்மனைக்கு வர்றவங்கள்ல பாதிப்பேரு ஒரு மணி நேரத்துல ஓடி முடிச்சு போட்டோ எடுத்துட்டு கெளம்பிடுறாங்க, பக்கத்துலயே புலியூர்குறிச்சில இருக்குற உதயகிரி கோட்டைய எட்டிக்கூட பாக்கறதில்ல. ரெண்டையும் ஒரே நாள்ல சேத்து பாத்தாதான் இந்தப் பக்கத்த ஆண்ட திருவிதாங்கூர் ராஜ்யத்தோட கதை முழுசா பிடிபடும்.

மொதல்ல கிழமைய பாத்துக்கிடுங்க, திங்கக்கிழமை அரண்மனை லீவு. காலைல ஒம்பது மணிக்கு தொறக்கும்போதே போயிருங்க, லேட்டானா ஸ்கூல் டூர் பஸ் வந்து எறங்கிரும், அப்புறம் ஒரு ரூம்லயும் நிக்க முடியாது, மத்தியானம் ஒரு மணி நேரம் வேற பூட்டிருவாங்க. ட்ரெயின்ல வந்தா இரணியல் ஸ்டேஷன் கிட்ட, பஸ்னா தக்கலைல எறங்கி ஆட்டோ. அரண்மனைக்கு மலையாளத்துல கொட்டாரம்னு பேரு, ஆனா கொட்டாரம்னு மட்டும் கேட்டுறாதீங்க, கன்னியாகுமரி பக்கம் அதே பேர்ல ஒரு ஊரே இருக்கு, அங்க ஏத்தி விட்ருவாங்க.

1956ல கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சில இருந்து பிரிஞ்சு தமிழ்நாட்டோட சேந்தாலும் அரண்மனைய இன்னைக்கும் பாத்துக்கறது கேரளா தொல்லியல் துறைதான். செருப்ப வெளிய விட்டுட்டுத்தான் உள்ள போகணும், அதுவும் நல்லதுக்குத்தான், ஏன்னா அந்த கருப்புத் தரைய கால்ல தொட்டு பாக்கணும், சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் கலந்து போட்டதுன்னு சொல்லுவாங்க, குனிஞ்சு பாத்தா ஜன்னல் வெளிச்சம் அதுல அப்படியே தெரியும். உள்ள இருட்டா இருக்கும், கண்ணு பழகுற வரைக்கும் ஒரு நிமிஷம் நின்னுட்டு அப்புறம் மேல பாருங்க, மரவேலை எல்லாம் அங்கதான். கட்டில், சீனா ஜாடி எல்லாம் கைடே காட்டிருவாரு, சாப்பாட்டுக் கூடமான ஊட்டுபுரைய மட்டும் நீங்களா ஒருதடவ நடந்து பாருங்க, எத்தன பேரு ஒரே நேரத்துல உக்காந்து சாப்ட்ருப்பாங்கன்னு அப்பதான் தெரியும்.

மத்தியானம் தக்கலைலயே மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன் கறியும் சாப்ட்டுட்டு கோட்டைக்கு போங்க, நாகர்கோவில் ரோட்லதான் இருக்கு, கண்டக்டர் அண்ணன்கிட்ட புலியூர்குறிச்சின்னு சொன்னா போதும். உள்ள கண்ணாடிப் பெட்டி, லேபிள் ஒண்ணும் கெடையாது, வனத்துறை பூங்காவா வச்சிருக்காங்க, மரமும் பழைய மதிலும்தான். அதனால கதைய முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு போகணும். 1741ல குளச்சல் போர்ல திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மா டச்சுப் படைய தோக்கடிச்சாரு, அதுல பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய் அப்புறம் இதே ராஜாவோட படைக்கே பயிற்சி குடுத்து பெரிய தளபதி ஆயிட்டாரு, இந்தக் கோட்டைய பலப்படுத்தினதும் அவர் மேற்பார்வைலதான். 1777ல செத்தாரு, கல்லறை உள்ளயே கூரை இல்லாத ஒரு பழைய சர்ச்சுக்குள்ள இருக்கு. நேரா அங்க போயிருங்க. லத்தீன்லயும் தமிழ்லயும் கல்லுல எழுதிருக்கு, உச்சி வெயில்ல போனா எழுத்து சரியா தெரியாது, சாயங்காலம் வெயில் சாஞ்சு அடிக்கும்போதுதான் ஒவ்வொரு எழுத்தா எந்திரிச்சு நிக்கும், கோட்டைய ரெண்டாவதா பாக்கச் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம். கல்லுல கைய வச்சு தேய்க்காதீங்க, சாக்பீஸ் பூசுறவங்களையும் பாத்திருக்கேன், அறிவே கெடையாது.

தண்ணி பாட்டில் கட்டாயம், மழை நாள்னா மதில் மேல ஏறவே ஏறாதீங்க, பாசி வழுக்கும். நேரம் மிச்சம் இருந்தா அதே ஊர்லதான் கிறிஸ்தவரா மாறின தேவசகாயம் பிள்ளை முட்டியால இடிச்சு தண்ணி வரவச்சதா சொல்ற முட்டிடிச்சான் பாறையும் இருக்கு, டிலனாய்தான் அவருக்கு கிறிஸ்தவத்த சொல்லிக் குடுத்தவரு, 2022ல புனிதர் பட்டம் குடுத்தாங்க. நவராத்திரிக்கு முன்னாடி வந்தீங்கன்னா பத்மநாபபுரத்துல இருந்து சரஸ்வதி அம்மன் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமா கெளம்புறதையும் பாக்கலாம், ஆனா அன்னைக்கு தக்கலை ரோட்ல வண்டி நகராது, கார விட்டுட்டு பஸ்ஸுலயே வாங்க.