சர்வைவல் கேமில் கொல்லும் ஆயுதம் கொடுக்கலாமா? முடிவெடுக்கவும் அமைக்கவும் ஒரு வழிகாட்டி

சர்வைவல் கேமில், அதாவது பசி, குளிர், மிருகம் எல்லாவற்றையும் தாண்டி உயிர் பிழைப்பதே இலக்கான கேமில், துப்பாக்கி சேர்ப்பது பெரிய வேலை இல்லை. மாடல், அனிமேஷன், ஒலி, ரேகாஸ்ட் (குண்டு எதில் படுகிறது என்று நேர்கோட்டில் பார்க்கும் கணக்கு) எல்லாம் எந்த கேம் எஞ்சினிலும் சில நாளில் முடிந்துவிடும். சேர்த்த பிறகும் டார்ச், பொறி, மறைவிடம், ஓசைப்படாமல் நடப்பது போன்ற மற்ற வழிகளைப் பிளேயர் கைவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் கடினம். விரட்டிய மிருகம் திரும்பி வரும். கொன்ற மிருகம் வராது. இரண்டுக்கும் ஒரே செலவு என்றால் யாரும் கொல்வதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள், அதில் அவர்கள் தவறு ஒன்றும் இல்லை. ஆகவே கொல்லும் ஆயுதம் இல்லாமலே கேமைக் கட்டத் தொடங்குங்கள். கொல்வதால் பிளேயருக்குப் புதிதாக ஒரு தொல்லை பிறக்கும்படி செய்ய முடிந்தால் மட்டும் ஆயுதத்தை உள்ளே விடுங்கள்.

ஆபத்துகளைத் தாளில் எழுதுங்கள்

பசி, தாகம், குளிர், மூச்சு, இருட்டு, காயம், வேட்டை மிருகம், எதிரி மனிதர் என உங்கள் கேமில் பிளேயரைச் சாகடிக்கக்கூடிய எல்லாவற்றையும் எழுதுங்கள். அவற்றில் எத்தனை உயிருள்ளவை என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் உயிருள்ளவை என்றால் நீங்கள் செய்துகொண்டிருப்பது சண்டை கேம். பசி மீட்டர் அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் தயங்காமல் ஆயுதம் கொடுத்துச் சண்டையை ஒழுங்காகக் கட்டுங்கள். அரைகுறைச் சண்டையைவிட மோசமானது எதுவும் இல்லை. எட்டு ஆபத்தில் ஒன்றோ இரண்டோதான் உயிருள்ளவை என்றால் ஆயுதம் தேவைப்படாது. இடைப்பட்டவைதான் யோசிக்க வேண்டியவை.

உயிருள்ள ஒவ்வோர் ஆபத்துக்கும் எதிரே, கொல்வதைத் தவிர பிளேயர் செய்யக்கூடியவற்றை எழுதுங்கள்: ஒளிவது, சுற்றிப் போவது, காத்திருப்பது, இரை போட்டுத் திசைதிருப்புவது, விரட்டுவது. குறைந்தது இரண்டு தேறினால் அந்த ஆபத்து ஆயுதமின்றியே நிற்கும். ஒன்றும் தேறவில்லை என்றால் குறை அந்த மிருகத்தின் வடிவமைப்பில் இருக்கிறது. துப்பாக்கி அந்தக் குறையை மூடி மறைக்கத்தான் உதவும்.

2018-இல் முழுமையாக வெளியான, கடலுக்கடியில் நடக்கும் சப்நாட்டிகா கேம் இதற்கு நல்ல பாடம். துப்பாக்கி வேண்டாம் என்ற முடிவுக்கு அமெரிக்காவின் சாண்டி ஹூக் பள்ளித் துப்பாக்கிச் சூடு ஒரு காரணம் என்று அதன் இயக்குநர் சார்லி கிளீவ்லண்ட் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். அந்த முடிவு தாங்கியதற்குக் காரணம், அங்கே முதல் எதிரி ஆக்சிஜன் என்பதே. மிருகங்களைச் சமாளிக்க உறையவைக்கும் ஸ்டேசிஸ் ரைஃபிள், தள்ளிவிடும் ரிபல்ஷன் கேனன் போன்றவை உண்டு. ஆனால் கையில் ஒரு கத்தியும் இருக்கிறது. ஒரு குத்துக்கு 20 டேமேஜ் (சேதப் புள்ளி). ரீப்பர் லெவயத்தன் என்ற ராட்சதக் கடல் மிருகத்தின் ஹெல்த் (உயிர்ப் புள்ளி) 5000. கணக்குப் போட்டால் 250 குத்து. ஸ்டேசிஸ் ரைஃபிளால் உறையவைத்துக் குத்திக் குத்தியே அதைக் கொன்ற பிளேயர்கள் ஏராளம். ஹெல்த் என்று ஓர் எண் இருந்து, அதைக் குறைக்க ஒரு கருவியும் இருந்தால் யாராவது அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவார்கள் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எனவே ஒவ்வொரு பெரிய மிருகத்துக்கும் மூன்றில் ஒன்றை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். ஒன்று, அது சாகும், அதற்கான சண்டையும் உண்டு. இரண்டு, அது சாகவே சாகாது. ஹெல்த் என்ற எண்ணே கிடையாது, அடி பட்டால் பின்வாங்கும். மூன்று, சாகும், ஆனால் கொன்றால் எதுவும் கிடைக்காது. முதன்மை வேட்டை மிருகத்துக்கு இரண்டாவதுதான் பெரும்பாலும் பொருந்தும். 2010-இல் வந்த அம்னீஷியா: தி டார்க் டிசென்ட் ஆயுதமே தரவில்லை. அதே நிறுவனம் 2023-இல் அம்னீஷியா: தி பங்கர் கேமில் ரிவால்வர் தந்தது. ஆனால் அங்கே பிளேயரைத் துரத்தும் பிராணியைத் துப்பாக்கியால் கொல்ல முடியாது, தற்காலிகமாக விரட்டத்தான் முடியும். தோட்டா அங்கே நேரத்தை வாங்கித் தருகிறது.

விரட்டும் அமைப்பை முதலில் கட்டுங்கள்

பல கேம்கள் சறுக்குவது இங்கேதான். துப்பாக்கியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதையும் வைக்காமல் விடுகிறார்கள். பிளேயருக்கு ஓடுவதும் சாவதும் மட்டும் மிஞ்சுகின்றன. மூன்றாவது முறை செத்ததும் பயம் போய் எரிச்சல் வந்துவிடும்.

ஒவ்வொரு மிருகத்துக்கும் 0 முதல் 100 வரை ‘பயம்’ என்ற எண் வையுங்கள். கீழே வருபவை தொடக்க மதிப்புகள். உங்கள் கேமின் வேகத்துக்கு ஏற்ப மாற்றுங்கள். 6 மீட்டருக்குள் எரியும் டார்ச் இருந்தால் விநாடிக்கு 15 கூடும். ஃப்ளேர் (பளீரென எரியும் தீக்குச்சிக் குழாய்) எறிந்தால் ஒரேயடியாக 40. அருகில் வெடிச்சத்தம் கேட்டால் 60. எந்த நிலையிலும் விநாடிக்கு 5 குறைந்துகொண்டே இருக்கும். 70-ஐத் தொட்டால் மிருகம் ஓடும், 30-க்குக் கீழே வந்தால்தான் பயம் தெளியும். ஓடுவதற்கும் தெளிவதற்கும் ஒரே எண்ணை வைத்தால், எல்லைக்கோட்டில் நின்று முன்னும் பின்னும் துடிக்கும் மிருகத்தைத்தான் பார்ப்பீர்கள்.

டார்ச்சோடு நின்றால் நிகரமாக விநாடிக்கு 10 ஏறும். 7 விநாடியில் மிருகம் விலகும். திரும்பி ஓடாமல் அந்த 7 விநாடி எதிரே நிற்பதுதான் இந்த வகைக் கேமின் உண்மையான சண்டை. ஆனால் பயம் 70-இலிருந்து 30-க்கு இறங்க 8 விநாடியே போதும் என்பதால், ஓடிய மிருகத்துக்கு 90 முதல் 180 விநாடி வரை ஒதுங்கியிருக்கும் நேரத்தைத் தனியாகக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஓடிய வேகத்தில் திரும்பி வந்து நிற்கும்.

ஒரே கருவி திரும்பத் திரும்பப் பலித்தால் பயம் போய்விடும். அதனால் மிருகம் பழகிக்கொள்ள வேண்டும். 2014-இல் வந்த ஏலியன்: ஐசொலேஷன் கேமில் ஃபிளேம்த்ரோவர் ஏலியனைத் துரத்துமே தவிரக் கொல்லாது, போகப் போக ஏலியன் அந்த நெருப்புக்குப் பழகிவிடும். உங்கள் அமைப்பில் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் கருவியின் விளைவை 20% குறைக்கலாம். ஆனால் ஒரு கணக்கை மறக்காதீர்கள்: விநாடிக்கு 5 குறையும் வேகம் மாறுவதில்லை. இரண்டாம் முறை 12 கூடி 5 குறையும். நிகரம் 7, எனவே 10 விநாடி. மூன்றாம் முறை சுமார் 15 விநாடி. விளைவு இதற்கு மேல் குறையாது என்ற கீழ்வரம்பை 40% என்று வைத்தால் 6 கூடி 5 குறைந்து 70 விநாடி ஆகிவிடும். அதற்குள் பிளேயர் செத்திருப்பார். டார்ச் வெறும் விளக்காகிவிடும். கீழ்வரம்பு 60% என்றால் நிகரம் 4, பதினேழரை விநாடி. இது தாங்கும்.

ஓடும் இடத்தையும் கவனமாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்: பிளேயரிடமிருந்து 40 மீட்டருக்கு அப்பால், பார்வைக்கு மறைவாக, பிளேயரின் முகாம் இருக்கும் திசையைத் தவிர்த்து. வழி கிடைக்காமல் சுவரோரம் நின்று நடுங்கும் மிருகம் அடிக்கடி வரும் பிழை. ஓடும் நிலையில் 2 விநாடி நகரவில்லை என்றால் திரும்பிப் பாயும்படி விதி வையுங்கள். மூலையில் மாட்டிய மிருகம் பாய்வது இயற்கை, பிழையும் மறைந்துவிடும்.

இதெல்லாம் பிளேயருக்குத் தெரிய வேண்டும். 30-இல் காது மடங்கட்டும், 50-இல் ஓரடி பின்வைக்கட்டும், 60-க்கு மேல் உறுமல் மாறட்டும். இந்த அறிகுறிகள் இல்லாவிட்டால், ஐந்தாவது விநாடியில் ‘டார்ச் வேலை செய்யவில்லை’ என்று முடிவுகட்டிப் பிளேயர் ஓடிவிடுவார். அதற்குப் பிறகு டார்ச்சைத் தொடவே மாட்டார்.

ஆயுதம் கொடுப்பது என்று முடிவானால்

தாமதமாகக் கொடுங்கள். பனிக்காட்டில் நடக்கும் தி லாங் டார்க் கேமின் இன்டர்லோப்பர் என்ற மிகக் கடினமான நிலையில் ரைஃபிள் கிடைக்கவே கிடைக்காது. வில் வேண்டுமானால் மேப்பிள் கன்றும் குடலும் உலர வேண்டும். அம்புக்கு பிர்ச் கன்று, காக்கை இறகு, உலையில் அடித்த முனை. அதுவரை ஓநாயை நெருப்பைக் காட்டித்தான் சமாளிக்க வேண்டும். கையில் வில் வரும்போது பிளேயருக்கு ஓநாயின் நடையும் தூரமும் தெரிந்திருக்கும். விரட்டக் கற்றுக்கொண்ட பிறகு வரும் ஆயுதம் அந்தப் பழக்கத்தை அவ்வளவு சீக்கிரம் அழிக்காது.

தோட்டாக் கணக்கு இப்படி: ஒரு மணி நேரத்தில் 6 சந்திப்பு, ஒன்றைக் கொல்ல 3 தோட்டா, தவறுவதற்கு 1 என்றால் தேவை 24. அந்த ஒரு மணி நேரத்தில் கிடைக்கக்கூடியது 10 முதல் 14-க்குள் இருக்கட்டும். 24-ஐத் தாண்டினால் சுடும் கேம். 6-க்குக் கீழே போனால் பிளேயர் ‘கடைசிக்கு இருக்கட்டும்’ என்று சேர்த்தே வைத்து, கேம் முடியும்போது பை நிறையத் தோட்டாவோடு நிற்பார். பதுக்கலைத் தடுக்க, கிடைப்பதைக் குறைப்பதைவிடச் சுமக்கும் அளவைக் குறைப்பது மேல்: 6 தோட்டாவுக்கு மேல் எடுக்க முடியாது என்றால் ஏழாவதைக் கண்டதும் ஒன்றைச் சுடத் தோன்றும். குறி தவறும் விகிதத்தை உங்கள் குழுவை வைத்து அளக்காதீர்கள். தினமும் ஆடுகிறவர்களின் குறி புதியவர்களுக்கு வராது.

அடுத்தது, கொன்றதன் விளைவு. சத்தம் 100 மீட்டருக்குக் கேட்டு வேறொன்றை அழைத்து வரலாம். இரத்த வாடை சில நிமிடம் உடையில் தங்கலாம். சடலமே ஒரு பிரச்சினையாகலாம். 2002 ரெசிடென்ட் ஈவில் ரீமேக்கில் தலை சிதறாமலோ எரிக்கப்படாமலோ விழுந்த ஜாம்பி பின்னர் வேகமான கிரிம்சன் ஹெட்டாக எழும். டெத் ஸ்ட்ராண்டிங் கேமில் மனிதரைக் கொன்றால் உடலை எரிக்கக் கொண்டுபோக வேண்டும், விட்டுவிட்டால் பெருவெடிப்பு. டோன்ட் ஸ்டார்வில் அப்பாவிப் பிராணிகளைக் கொன்றுகொண்டே போனால் கிராம்பஸ் என்ற பிராணி வந்து பொருளைத் திருடும். திஸ் வார் ஆஃப் மைன் கேமில் அப்பாவியைக் கொன்றவர் மனம் உடைந்துபோகிறார். இவற்றில் எது உங்கள் உலகத்துக்கு இயல்பாகப் பொருந்துகிறதோ அதில் ஒன்றை எடுத்து நன்றாகச் செய்யுங்கள். எல்லாவற்றையும் சேர்த்தால் எந்தச் செயலால் எது வந்தது என்று பிளேயருக்குப் புரியாது.

மனநிலை மீட்டரில் 20 குறைப்பதோடு நின்றுவிட்டால் பிளேயர் அதை விலையாகக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். விளைவு உலகத்தில் நடக்க வேண்டும். தற்காப்புக்குத் தண்டனை கூடாது: கடந்த 10 விநாடிக்குள் எதிரி முதலில் தாக்கியிருந்தால் அந்தக் கொலையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இதைச் செய்யாத கேமில், தன்மேல் பாய்ந்த ஓநாயைக் கொன்றதற்காகப் பழி சுமக்கும் பிளேயர் கேமையே நம்பமாட்டார்.

பொருள் சங்கிலி

தோல், கொழுப்பு, நரம்பு ஆகியவை எதற்கெல்லாம் தேவை என்று க்ராஃப்டிங் மரத்தில் (எதைக் கொண்டு எதைச் செய்யலாம் என்ற வரைபடத்தில்) தேடுங்கள். கொல்லாமல் முடியாத பொருள் ஒன்று முக்கியப் பாதையில் இருந்தால், ‘கொல்வது உங்கள் விருப்பம்’ என்று சொல்வது பொய். மைன்கிராஃப்டின் பீஸ்ஃபுல் (அமைதி) நிலையில் பிளேஸ் என்ற நெருப்பு எதிரி தோன்றாது. அதன் கோல் கிடைக்காததால் இறுதிக் கட்டத்தின் வாசலைத் திறக்கும் ஐ ஆஃப் எண்டர் செய்ய முடியாது, அந்தக் கட்டம் எட்டாமல் போகும். உதிர்ந்த கொம்பு, கரை ஒதுங்கிய சடலம், கண்ணிப்பொறி, நார்ச்செடி என்று ஒவ்வொன்றுக்கும் மெதுவான மாற்று வழி வையுங்கள். இரண்டு மடங்கு நேரம் எடுக்கலாம். ஐந்து மடங்கு என்றால் யாரும் அந்த வழியில் போகமாட்டார்கள்.

பலர் சேர்ந்து ஆடும் கேம் வேறு கதை. ரஸ்ட், டேஇசட் போன்றவற்றில் ஆபத்தே மற்ற பிளேயர்தான். ஆயுதத்தை எடுத்துவிட்டாலும் வாசலை அடைத்தல், மிருகத்தை இழுத்து வந்து விடுதல், நெருப்பு வைத்தல் தொடரும். அங்கே முதலில் குறைக்க வேண்டியது சாவின் இழப்பை: பையில் உள்ளதில் பாதி மட்டும் விழட்டும், புதிதாக வந்தவருக்குச் சில நிமிடப் பாதுகாப்பு இருக்கட்டும்.

சோதிப்பது

ஆயுதத்தோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என இரண்டு பில்ட் (ஆடிப் பார்க்கக்கூடிய பதிப்பு) செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் 6 முதல் 8 பேர், தலா இரண்டு மணி நேரம். சந்திப்பு ஒவ்வொன்றிலும் மிருகத்தைக் கண்ட தூரம், எடுத்த கருவி, முடிவு, இழந்த ஹெல்த், செலவான தோட்டா ஆகியவற்றைப் பதிவு செய்யுங்கள். ஆயுதம் கைக்கு வந்த பிறகு மற்ற கருவிகளின் பயன்பாடு முன்பிருந்ததில் பாதிக்கும் கீழே போனால் ஆயுதம் மற்றவற்றை விழுங்கிவிட்டது. டேமேஜைக் குறைக்கத்தான் கை போகும், குறைக்காதீர்கள். நிறைய குண்டு வாங்கியும் சாகாத மிருகம் அலுப்பைத்தான் தரும். டேமேஜ் அப்படியே இருக்கட்டும், சத்தத்தின் வீச்சையும் சுமக்கும் அளவையும் மாற்றிப் பாருங்கள்.

‘துப்பாக்கி பிடித்ததா?’ என்று கேட்டால் எல்லாரும் ஆம் என்பார்கள். ‘அந்தச் சத்தம் கேட்டதும் என்ன செய்ய நினைத்தீர்கள்?’ என்று கேளுங்கள். பதிலில் இடம், நேரம், வெளிச்சம், பாதை ஏதாவது வந்தால் கேம் உயிரோடு இருக்கிறது. தோட்டா எண்ணிக்கை மட்டும் வந்தால் விரட்டும் அமைப்புக்குத் திரும்பிப் போங்கள்.

ஆயுதம் உண்டா இல்லையா என்பதைப் பிளேயரே தேர்ந்தெடுக்கும் அமைப்பாகவும் வைக்கலாம். அதைப் புது உலகம் தொடங்கும்போது மட்டும் கேளுங்கள். பாதியில் மாற்றவிட்டால், பெட்டியில் ஏற்கெனவே கிடக்கும் துப்பாக்கியையும் தோட்டாவையும் என்ன செய்வது, அவற்றுக்காகச் செலவான பொருளைத் திருப்பித் தருவதா என்ற கேள்விகளுக்கெல்லாம் தனியாக நிரல் எழுத வேண்டிவரும்.